களக்காட்டில் நான் வாங்கிய தட்டு

இசக்கிமுத்து, அந்தத் தட்டை வாங்கியவள் நான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காதவன் நீ.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். போன மாதம் பாளையங்கோட்டையில் நடந்த மேடைக் கலைஞர்கள் சங்கக் கூட்டத்தில், சங்கத் தலைவராக நீ மைக்கைப் பிடித்துப் பேசும்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் பேசினாய்.

ஏஜெண்டுகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நல்ல விஷயம்தான். சொல்லித்தர ஆள் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு நீ எடுத்துக்கொண்ட கதை என்னுடையது.

"ஒரு பாட்டுக்காரி இருந்தா. நல்ல சாரீரம். களக்காட்டுப் பக்கம் ஒரு கொடையில, ஏஜெண்டுக்குத் தெரியாம கோயில்காரங்க கையிலருந்து நேரா தட்டு வாங்கிட்டா. வழி காட்டின மனுசன மறந்துட்டா. அதோட அவ முடிஞ்சா. பேரு வேண்டாம். நீங்க அப்படி இருக்காதிய."

பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நின்றோம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாடகிப் பெண், இருபது வயது இருக்கும், என்னிடம் வந்து கேட்டாள்.

"யக்கா, ஒங்களுக்கு எல்லாரையும் தெரியும்லா. அந்தப் பாட்டுக்காரி யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு வேறு பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இந்த வாரம் இந்தப் பத்தியில் என் அக்கா கல்யாணத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும். அந்தப் பெண் நகர்ந்துபோய் நின்றாளே, அதற்காக இதை எழுதுகிறேன்.

மாடிப்படி

எங்கள் ஏஜெண்ட் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் ஆபீஸ் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. செங்குத்தான படி. பிடித்து ஏறக் கம்பி கிடையாது. படி ஏறும்போதே கீழேயிருந்து பஞ்சர் ஒட்டும் பசை வாசம் கூடவே வரும். மேலே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கக் கச்சேரி நோட்டீஸ்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வேண்டுமென்றாலும், ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அந்தப் படியைத்தான் ஏறுவார்கள். எந்த ஊருக்கு எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்தப் பாட்டுக்காரி என்று அவர்தான் முடிவு செய்வார். ஆடி, ஆவணி, பங்குனி, சித்திரை என்று எங்கள் வருசம் நாலே மாதம். அந்த நாலு மாதமும் அவர் டைரியில் இருந்தது.

அவருக்கென்று சட்டங்கள் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. மீறின பிறகுதான் தெரியும்.

ஊர்க்காரர்களிடம் வீட்டு விலாசம் கொடுக்கக் கூடாது. அடுத்த வருசமும் வாருங்கள் என்று அவர்கள் சொன்னால், "அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு தேதியை ஒப்புக்கொண்டால் காய்ச்சல் வந்தாலும் போக வேண்டும். குழுவில் யாருக்கு என்ன குறை என்றாலும் லீடர் மட்டும்தான் மாடிக்கு வந்து பேசலாம். மற்றவர்கள், அவர் கூப்பிட்டு அனுப்பினால் ஒழிய, படி ஏறக் கூடாது.

எங்கள் குழுவுக்கு லீடர் இசக்கிமுத்து. கீபோர்டு வாசிப்பான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். அப்போதெல்லாம் இசக்கியண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நீ, அவன் என்று எழுதுகிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இந்தச் சட்டங்களை இப்போது கேட்டால் அண்ணாச்சி ஏதோ ஜமீன்தார் மாதிரி தெரிவார். அப்படி இல்லை. எங்களுக்குச் சட்டம் வைத்த மாதிரி ஊர்க்காரர்களுக்கும் வைத்திருந்தார்.

ஒருமுறை உடன்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். சாயங்காலம் வேன் போய் நின்றது. தங்குவதற்கு கருப்பட்டி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியைக் காட்டினார்கள். ஆண், பெண் எல்லாருக்கும் அது ஒன்றுதான். எறும்பு வரிசை வரிசையாகப் போகிறது. உடை மாற்ற ஒரு மறைப்புக்கூட இல்லை. அன்றைக்கு அண்ணாச்சி எங்களோடு வந்திருந்தார். வேனை விட்டு இறங்கவே இல்லை.

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய வந்திருக்கு. ஒரு வீட்டுல உள்ரூம்பு ஒழிச்சிக் கொடுங்க. பொறவு சாமான இறக்குவோம்."

"அண்ணாச்சி, இதெல்லாம் போன வருசம் வந்தவங்க கேக்கலயே."

"அவிய கேக்கல. நான் கேக்கேன்லா வே."

முக்கால் மணி நேரம் வேன் அப்படியே நின்றது. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவரே தன் வீட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் எங்களுக்குச் சுக்குக் காப்பியும் கிடைத்தது. அண்ணாச்சி அதற்குப் பிறகுதான் வேனை விட்டு இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார்.

பீடி சுற்றிக்கொண்டிருந்த என்னை மேடையில் ஏற்றி, நோட்டீசில் பேர் போட்டு, மரியாதையாகக் கூட்டிப்போய் மரியாதையாகக் கொண்டுவந்து விட்ட மனிதர் அவர். அவரைத்தான் நான் மறந்துவிட்டேன் என்று நீ மைக்கில் சொன்னாய்.

தட்டு

தட்டு என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. கொடை முடிந்த மறுநாள், ஊர் முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும்போது, நன்றாகப் பாடினவர்களுக்குக் கோயில் வாசலில் வைத்து வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து ஒரு தட்டு கொடுப்பார்கள். "அடுத்த வருசமும் நீங்கதான்" என்று சொல்லிக் கொடுத்தால் அது வெறும் தாம்பூலம் இல்லை. அடுத்த கொடைக்கு வாக்கு.

கோயில் வாசலில் தட்டை மறுக்க முடியாது. மறுத்தால் அந்த ஊருக்கே அவமரியாதை. வாங்கி வைத்துக்கொண்டால் ஏஜெண்டுக்குத் துரோகம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தட்டை வாங்க வேண்டும். அதில் ஒன்றையும் தொடாமல் லீடர் கையில் கொடுக்க வேண்டும். லீடர் அன்றைக்கே அதை மாடிக்குக் கொண்டுபோவார். அண்ணாச்சி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு மீதியைப் பாடினவளுக்கே திருப்பி அனுப்புவார். ஊர் அவர் டைரியில் ஏறிவிடும். யாருக்கும் மனக்குறை இல்லை.

களக்காட்டுப் பக்கம் அந்த ஊரில் ஆவணிக் கொடை. சுற்றிலும் வாழைத் தோட்டம். மறுநாள் பதினொரு மணி இருக்கும். எங்கள் சாமானெல்லாம் வேனில் ஏறிவிட்டது. கோயில் தர்மகர்த்தாவின் வீட்டம்மா மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எம்மா பாட்டுக்காரி, இங்கன வா. அடுத்த வருசமும் நீதான் வரணும். வேற ஆள அனுப்பினா நான் வேன ஊருக்குள்ள விட மாட்டேன்."

"அண்ணாச்சிகிட்ட சொல்லுங்கக்கா."

"ஒங்க அண்ணாச்சிகிட்ட எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. நான் ஒங்கிட்ட சொல்லுதேன். பிடி."

வாங்கினேன். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துண்டு, ரெண்டு சீப்புப் பழம், ஒரு பந்து மல்லிகை. பூ அப்போதுதான் கட்டினது. மடியில் வைத்திருந்தேன். வேன் சேரன்மகாதேவி வழியாக வந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற வேனுக்குள் மல்லிகை வாசம் தாங்கவில்லை.

இங்கே நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மா கொடைக்குப் போனால் பூக் கொண்டுவருவாள் என்று வாசலில் நிற்பாள். அந்தப் பந்திலிருந்து ஒரு சாண் பூவைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். தொடக் கூடாத தட்டைத் தொட்டேன்.

பேட்டையில் என் வீடு முதலில் வரும். இறங்கும்போது தட்டை இசக்கிமுத்து கையில் கொடுத்தேன்.

"இசக்கியண்ணே, தர்மகர்த்தா வீட்டம்மா கொடுத்தது. அண்ணாச்சிகிட்ட இன்னைக்கே சேத்திருங்க. பூவ மட்டும் கொஞ்சம் கிள்ளிட்டேன். நான் சொன்னேன்னு சொல்லிருங்க."

"சரிட்டீ. நான் பாத்துக்கிடுதேன். நீ போ, பிள்ள நிக்கி பாரு."

அவ்வளவுதான் பேச்சு. ட்ரம்ஸ் வாசிக்கும் செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு வருசம்

தட்டு திரும்பி வரவில்லை. அடுத்த தேதிக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. பங்குனி வந்தது. நோட்டீசில் என் பேர் இருந்த இடத்தில் வேறு பேர் இருந்தது. பக்கத்துத் தெரு மளிகைக்கடை போன் நம்பரைத்தான் அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவார்.

பூவைக் கிள்ளினதுதான் காரணம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். வேறு என்ன நினைப்பது? தட்டு அங்கே போயிருக்கிறது, பூ குறைந்திருக்கிறது, அண்ணாச்சிக்குக் கோபம். வெட்கத்தில் நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

"போயிக் கேக்க வேண்டியதுதான?" என்பார் என் வீட்டுக்காரர்.

"கூப்பிடாம எப்படிப் படி ஏற?"

"அந்தப் படியில என்ன முள்ளா போட்டிருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாது. சும்மா கெடங்க."

மறுபடி பீடிச் சுளகை எடுத்து மடியில் வைத்தேன். பீடிக்கு இலை வெட்டிக்கொண்டே மனசுக்குள் பாடிப் பார்ப்பேன். புகையிலைத் தூசி தொண்டையில் இறங்கி மேல் ஸ்தாயி வரவில்லை. மகள் ஒருநாள், "எம்மா, நீ இப்பம் பாட்டுக்காரி இல்லயா?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

எங்கள் தெருவில் இசக்கிமுத்து இரண்டு தடவை வந்திருக்கிறான், வேறு வேலையாக. பார்த்தால், "பொறு பேச்சி, அண்ணாச்சி கோவம் பைய அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்போது அவனை நல்லவன் என்று நினைத்தேன்.

திருச்செந்தூர் பஸ்

ஆழ்வார்திருநகரியில் எங்கள் சித்தி மகள் வீட்டில் ஒரு விசேஷம். காலையில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. முன்னால் இருந்த ஒருவர் எழுந்து, "இங்கன உக்காரும்மா" என்றார். அண்ணாச்சி.

தலை நன்றாக நரைத்துவிட்டது. நான் யாரென்று பார்த்த பிறகு அவர் முகம் மாறியது. ஆனாலும் எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். நான் உட்கார்ந்தேன். ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு வார்த்தை இல்லை. அணைக்கட்டுத் தண்ணீர் தெரிந்தபோது அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, பூவக் கிள்ளினது என் தப்புதான். பிள்ளைக்காகக் கிள்ளிட்டேன். அதுக்கு இவ்வளவு பெரிய தண்டன வேண்டாம்."

"எந்தப் பூவ?"

"தட்டுல இருந்த பூவ."

"எந்தத் தட்டு?"

"களக்காட்டுத் தட்டுதான். இசக்கியண்ணே கொண்டாந்து தரலயா?"

 ஆழ்வார்திருநகரியில் நான் இறங்கினேன். அவருக்கு டிக்கெட் திருச்செந்தூருக்கு. அவரும் கூடவே இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது. டீக்கடை ஓரத்தில் நின்றோம்.

"எம்மா, நீ என்னைய வேண்டாம்னு சொல்லிட்டு அந்த ஊர்க்காரங்ககிட்ட நேரா தட்டு வாங்கிட்டேன்னு அவன் சொன்னான். இனிமே தனியா பாடிக்கிடுவேன்னு நீ சொன்னதாச் சொன்னான். அந்த ஊர நான் டைரியில அடிச்சிட்டேன்."

"நான் பீடில்லா சுத்துதேன் அண்ணாச்சி."

அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"நீ வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"கூப்பிடாம வரக் கூடாதுன்னு நீங்கதான வச்சிருக்கீய. நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"போனவளக் கூப்பிடக் கூடாதுன்னு நான் நெனச்சேன்" என்றார். பிறகு, "மொத வருசம் ஆடியில ஒனக்குன்னு நாலு தேதி யாருக்கும் கொடுக்காம வச்சிருந்தேன். எப்படியும் வருவேன்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரிடம் திரும்பி, "ரெண்டு டீ போடும் வே, சீனி கூட" என்றார்.

பிற்பாடு செல்வராஜைப் பிடித்துக் கேட்டேன். "வண்ணார்பேட்ட தாண்டுறதுக்குள்ள பழத்த எல்லாம் தின்னு தீத்துட்டோம்க்கா. லீடரே பிச்சிக் கொடுத்தாவ. எங்களுக்கு என்ன தெரியும்?" அடுத்த ஆவணியில் அந்த ஊருக்கு இசக்கிமுத்து வேறு பாட்டுக்காரியோடு, வேறு குழுப் பெயரில், அண்ணாச்சி இல்லாமல் போய்வந்திருக்கிறான். "அந்தப் பிள்ளைக்குத் தொண்ட போயிட்டு" என்று தர்மகர்த்தா வீட்டம்மாவிடம் சொன்னானாம்.

ஏன் சும்மா இருந்தேன்

அன்றைக்கு டீக்கடையிலேயே அண்ணாச்சியிடம் கேட்டேன், இவனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று.

"நான் ஒரு வார்த்த வெளிய சொன்னா, ஒரு பய அவனுக்குத் தேதி கொடுக்க மாட்டான். அவன் ஒருத்தன்னா சொல்லிருவேன். கூட ஏழு பேரு இருக்கானுவ. அவனா வந்து சொல்லட்டும். நீயும் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டேன். அந்தச் சித்திரையிலேயே வேறு குழுவில் எனக்குத் தேதி கொடுத்தார். நோட்டீசில் என் பேரைத் தன் கையாலேயே முதலில் எழுதினார். படி ஏறும் சட்டத்தையும் எடுத்துவிட்டார். "யாருக்குக் கொறன்னாலும் நேரா வாங்க" என்று எல்லாக் குழுவுக்கும் சொல்லி அனுப்பினார். ஆனால் "தட்டு வாங்கினவ" என்ற பேச்சு போகவில்லை. அது அவர் டைரியில் இல்லை, ஊர் வாயில் இருந்தது. எந்தக் குழுவுக்குப் போனாலும் லீடர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். தர்மகர்த்தாக்களிடம் நான் பேசினால் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றுகொள்வார்.

இசக்கிமுத்து, உன் பக்கமும் எனக்குத் தெரியும். அண்ணாச்சி உன்னை எத்தனை தடவை அந்தப் படியில் நிற்கவைத்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் எல்லார் முன்னாலும், "ஏலே, ஒனக்குச் சுருதி சேக்கத் தெரியுமா?" என்று அவர் கேட்ட நாளில் உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் கீழேயே காலம் தள்ள வேண்டுமா என்று உனக்குத் தோன்றியிருக்கும். அதில் தப்பில்லை. "இனிமே நான் தனியா பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று மேலே போய் நீ சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பார். பிறகு விட்டிருப்பார். அதைச் சொல்ல உனக்குப் பயம். அதனால் என் பேரைச் சொல்லி அந்த ஊரை எடுத்துக்கொண்டாய்.

அண்ணாச்சி இறந்த வீட்டில் நீதான் அதிகம் அழுதாய். அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். போய் உன் கையைப் பிடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லாதவன் இனி யாரிடம் போய்ச் சொல்வாய் என்று எனக்கே உன்மேல் பாவமாக இருந்தது. அன்றைக்கு இதை விட்டுவிட்டேன். உண்மையிலேயே விட்டுவிட்டேன்.

நீதான் மறுபடி எடுத்தாய், மைக்கில்.

பிள்ளைகளுக்கு

நோட்டில் எழுதினவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏஜெண்டைத் தாண்டிப் போகாதீர்கள். உங்களுக்காக வேனைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆள் கிடைத்தால் அவருக்கு உண்மையாக இருங்கள். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயில் கொடுத்து அனுப்பாதீர்கள். தட்டு வாங்கினால் நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். கூப்பிடவில்லை என்றால் கூப்பிடாமல் போங்கள். மரியாதைக் குறைவு என்று திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் திட்டைக் கேட்கப் பயந்துதான் எனக்கு இரண்டு வருசம் போனது.

இசக்கிமுத்து, எனக்குக் கடிதம் போடாதே. சமாதானம் பேச வீட்டுக்கு ஆள் அனுப்பாதே. மன்னிப்பும் வேண்டாம். உன் குழுவும் உன் பதவியும் உன்னோடு இருக்கட்டும். ஆனால் என் கதையைப் பேர் சொல்லாமல் நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னாய். அதனால் பதிலையும் அந்தப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில், இதே பத்திரிகையில், உன் பேரும் என் பேரும் போட்டு எழுது. நீட்டி எழுத வேண்டாம். ஒரு வரி போதும்.

பேட்டையில் வேன் நின்றபோது, அண்ணாச்சியிடம் கொடுக்கச் சொல்லி பேச்சியம்மாள் அந்தத் தட்டை உன் கையில் கொடுத்தாளா, இல்லையா?